ஆளற்ற கரை

மதிப்பிற்குரிய ஐயா,

மொழிகளின் இடப்பெயர்வு குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "தாய்மொழியைக் காப்பாற்றிக்கொள்வதற்காக வேல்ஸ் மக்கள் 1865-இல் கடல் கடந்து, தென் அமெரிக்காவின் ஆளற்ற கரையொன்றில் குடியேறினார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பியர் குடியேறியதைப் பற்றி எழுதும்போதெல்லாம் நிலத்தைப் பறிகொடுத்தவர்களையும் சேர்த்தே பேசும் நீங்கள், இவர்களை மட்டும் எப்படிக் கறையில்லாமல் விட்டீர்கள்? மொழிக்காகப் போனார்கள் என்றதும் தமிழ் மனம் இளகிவிடுகிறதோ என்று தோன்றியது. அவர்கள் இறங்கிய படகோனியா உண்மையிலேயே ஆளற்றுத்தான் கிடந்ததா? இவர்களைப் புலம்பெயர்ந்தோர் என்பதா, வந்தேறிகள் என்பதா? அவர்கள் காப்பாற்றப் போன மொழி இன்று அங்கே இருக்கிறதா? நேரமிருந்தால் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

தங்கள் வாசகர்,
கோவில்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் குற்றச்சாட்டில் பாதியை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 'ஆளற்ற' என்பது நான் யோசித்துப் போட்ட சொல் அல்ல. அந்தக் குடியேற்றத்தைக் கொண்டாடும் எழுத்துகளைப் படித்துப் படித்துக் கையில் ஒட்டிக்கொண்ட சொல். மீதிப் பாதிக்கு அவ்வளவு எளிதில் பதில் சொல்ல முடியாது. அந்தக் கரை ஆளற்றது என்று நம்புவது யாருக்கெல்லாம் தேவையாக இருந்தது என்பதைப் பார்க்காமல் இந்த வரலாறு பிடிபடாது. ஆகவே பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வேல்ஸில் நிலம் பெரும்பாலும் சில நூறு குடும்பங்களின் கையில் இருந்தது. அந்த நிலவுடைமையாளர்கள் ஆங்கிலம் பேசினார்கள், இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்திருந்தார்கள். குத்தகைக்கு உழுத குடியானவர்களோ வேல்ஸ் மொழி பேசினார்கள், திருச்சபையிலிருந்து பிரிந்த தனிச் சபைகளின் எளிய சிற்றாலயங்களுக்குப் போனார்கள், தாங்கள் போகாத திருச்சபைக்கும் தசமபாகம் கட்டினார்கள். 1846-இல் வேல்ஸ் பள்ளிகளை ஆராய லண்டன் அரசு மூன்று ஆணையர்களை அனுப்பியது. மூவருக்குமே வேல்ஸ் மொழி தெரியாது. அந்த மக்களின் அறியாமைக்கும் ஒழுக்கக்கேட்டுக்கும் அவர்களுடைய மொழியும் சபைகளும்தான் காரணம் என்ற தொனியில் அவர்கள் எழுதிக் கொடுத்த நீல அட்டை அறிக்கையை, 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்றே வேல்ஸ் மக்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள். பள்ளியில் தாய்மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டை மாட்டுவார்கள். அடுத்து யார் வாய் தவறிப் பேசுகிறார்களோ அவர் கழுத்துக்கு அது மாறும். மாலையில் மணியடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. தமிழில் பேசியதற்காக அபராதம் கட்டிய ஆங்கிலவழிப் பள்ளிக்காரர்கள் இதைப் படிக்கும்போது கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ளக்கூடும். நீங்கள் சொன்ன இளக்கம் எனக்கு ஏற்பட்டதும் இந்த இடத்தில்தான்.

இத்தனை இருந்தும், ஊரை விட்டுப் போக நினைத்த வேல்ஸ்காரர்களுக்கு ஒரு வழி ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒஹையோவுக்கும் பென்சில்வேனியாவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். பாலா என்ற சிற்றூரின் இறையியல் கல்லூரித் தலைவராகப் பின்னாளில் விளங்கிய மைக்கேல் டி. ஜோன்ஸ், 1848-இல் ஒஹையோவில் அவர்களோடு வாழ்ந்து பார்த்தவர். அங்கே அவரைக் கலங்கடித்தது வறுமை அல்ல, வசதி. தகப்பன் வேல்ஸ் மொழியில் ஜெபிப்பார், மகன் ஆங்கிலத்தில் ஆமென் சொல்வான், பேரனுக்கு இரண்டுமே விளங்காது என்ற நிலையை அவர் கண்ணால் கண்டார். வேல்ஸ்காரன் எங்கே போனாலும் ஏற்கெனவே அமைந்துவிட்ட ஓர் ஆங்கிலச் சமூகத்துக்குள்தான் நுழைகிறான், ஆகவே கரைகிறான். முதலில் வந்தவனாகவும் எண்ணிக்கையில் பெரியவனாகவும் இருக்கும் இடமொன்றைக் கண்டுபிடித்தால், பிறகு வருகிறவர்கள் அவனுக்குள் கரைவார்கள் என்பது அவருடைய வாதம். பாலஸ்தீனம், வான்கூவர் தீவு என்று பல இடங்கள் பேசப்பட்டு, ஆங்கிலத்தின் கை எட்டாத படகோனியாவில் வந்து நின்றது.

இந்த வாதத்தை இரண்டு முறை படித்துப் பாருங்கள். ஒடுக்கப்பட்ட ஒரு மொழிக்காரரின் நியாயமான ஆற்றாமை அதில் இருக்கிறது. அந்த நிலத்தில் நமக்கு முன்னே யாரும் இருக்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. இதை ஜோன்ஸின் தீய எண்ணம் என்று சொல்ல மாட்டேன். தன் மனைவியின் சொத்தையும் இந்தத் திட்டத்தில் போட்டுக் கடனில் மூழ்கியவர் அவர், கடைசிவரை வேல்ஸிலேயே இருந்தார், படகோனியாவுக்குக் குடிபோகவில்லை. ஆனால் 'வெற்று நிலம்' என்பது அவருடைய கனவின் அலங்காரம் அல்ல, அஸ்திவாரம். அதை எடுத்துவிட்டால் கட்டடமே இல்லை.

அதே வெற்று நிலம் வேறொரு காரணத்துக்காக புவனோஸ் ஐரிஸில் இருந்த அர்ஜென்டின அரசுக்கும் தேவைப்பட்டது. வரைபடத்தில் படகோனியா முழுவதையும் அர்ஜென்டினா தன்னுடையது என்று காட்டிக்கொண்டாலும், அதன் அதிகாரம் நடைமுறையில் நீக்ரோ ஆற்றின் முகத்துவாரத்திலிருந்த கார்மென் தெ படகோனெஸ் என்ற கோட்டை ஊரோடு முடிந்துபோயிற்று. ஆண்டீஸுக்கு அப்பாலிருந்து சிலியும் உரிமை கொண்டாடியது. இந்நிலையில், தாமாகவே தென்கோடிக்குப் போய் வாழ்கிறோம் என்று கேட்டு வந்த வெள்ளையர்கள் உள்துறை அமைச்சர் கில்லெர்மோ ராசனுக்கு உயிருள்ள எல்லைக் கற்களாகத் தெரிந்ததில் வியப்பில்லை. வேல்ஸ் குழுவினர் விரும்பிய தன்னாட்சி ஏற்பாட்டை அர்ஜென்டின நாடாளுமன்றம் ஏற்கவில்லை. மால்வினாஸ் (ஃபாக்லாந்து) தீவுகளை 1833-இல் பிரிட்டனிடம் இழந்த நாடு, பிரிட்டிஷ் குடிமக்களுக்கு ஒரு மாகாணத்தை எழுதிக் கொடுக்கத் தயங்கியது இயல்புதான். குடும்பத்துக்கு நூறு ஏக்கர் நிலமும், தொடக்கத்தில் உணவும் கால்நடையும் தருவதாக முடிவாயிற்று. முன்கூட்டியே இடம் பார்க்கப் போன அச்சுத் தொழிலாளர் லூயிஸ் ஜோன்ஸும் மாட்ரின் பண்ணையின் உரிமையாளர் லவ் ஜோன்ஸ்-பாரியும் எழுதிக் கொடுத்த வர்ணனையை நம்பியவர்கள், வேல்ஸைப் போன்ற பச்சைப் பள்ளத்தாக்கு ஒன்று காத்திருப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

1865 மே 28-ஆம் நாள் லிவர்பூலிலிருந்து மிமோசா என்ற கப்பல் புறப்பட்டது. சீனத்திலிருந்து தேயிலை ஏற்றி வருவதற்காகக் கட்டப்பட்ட பாய்மரக் கப்பல் அது. கட்டணம் பெரியவருக்கு 12 பவுன், சிறுவருக்கு 6 பவுன். பலரிடம் அதுவும் இல்லாததால் பணம் வாங்காமலேயே ஏற்றிக்கொண்டார்கள். ஏறியவர்கள் சுமார் 153 பேர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர், தையற்காரர், தச்சர், செருப்புத் தைப்பவர், செங்கல் அறுப்பவர் என்று பலரும் இருந்தார்கள். உழவு தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். வழியில் சில குழந்தைகள் இறந்தன, சில பிறந்தன. ஜூலை 28 அன்று, இன்று புவெர்ட்டோ மாட்ரின் என்று வழங்கும் வளைகுடாக் கரையில் இறங்கினார்கள். வட அரைக்கோளத்துக் கோடையில் புறப்பட்டவர்களுக்குத் தென் அரைக்கோளத்துக் குளிர்காலம் காத்திருந்தது. கரையில் நல்ல தண்ணீர் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை முட்புதரும் சரளை மண்ணும்தான். கரையோரத்து மென்பாறையில் குடைந்த குழிகளில் சில குடும்பங்கள் ஒதுங்கின. அந்தக் குழிகளை இன்றும் பார்க்கலாம். அபெரிஸ்ட்வித்திலிருந்து வந்த செருப்புத் தொழிலாளி ஒருவர், இறங்கிய அன்றே எதிரேயிருந்த மேட்டின் மீதேறி நாட்டைப் பார்த்துவரப் போனார், திரும்பவில்லை. சில ஆண்டுகள் கழித்து எலும்புகள்தான் கிடைத்தன.

குடியேற வேண்டிய இடம் அங்கிருந்து சுமார் 65 கிலோமீட்டர் தெற்கே சுபுத் ஆற்றின் கரையில் இருந்தது. ஆண்கள் நீரற்ற வெளியில் நடந்து போனார்கள். செப்டம்பர் 15-ஆம் நாள் ஆற்றங்கரையில் ஒரு விழா நடந்தது. கார்மென் தெ படகோனெஸிலிருந்து வந்த ராணுவ அதிகாரி ஹூலியன் முர்கா அர்ஜென்டினக் கொடியை ஏற்றி, அந்த இடத்துக்கு அமைச்சரின் பெயரையே சூட்டினார். ராசன் என்பதுதான் இன்று சுபுத் மாகாணத்தின் தலைநகர். எந்த நாட்டுக் கொடியும் பறக்காத நிலத்தைத் தேடி வந்தவர்களின் முதல் ஊர், இன்னொரு நாட்டின் கொடியேற்றத்தோடு தொடங்கியது என்பதைக் கவனியுங்கள்.

முதல் இரண்டு ஆண்டுகள் பட்டினியும், அரசு அனுப்பிய தானியமும், இடத்தைக் காலி செய்துவிடலாமா என்ற விவாதமுமாகக் கழிந்தன. மழையை நம்பி விதைத்தது முளைக்கவில்லை. புதர் மண்டிய மேட்டு நிலத்தைத்தான் வளமானது என்று நினைத்தார்கள். ஆற்றை ஒட்டிய கரிய வெற்று நிலத்தில் புல்கூட முளைக்காததால் அதை உதவாத மண் என்று ஒதுக்கினார்கள். 1867 நவம்பரில் ஏரன் ஜென்கின்ஸ் என்பவர் அந்தக் கரிய நிலத்தில் கோதுமை விதைத்திருந்தார். பயிர் வாடத் தொடங்கியது. அவருடைய மனைவி ரேச்சல், ஆற்றின் நீர்மட்டம் நிலத்தைவிடச் சற்று உயரமாக நிற்பதைப் பார்த்து, கரையை வெட்டி ஒரு வாய்க்கால் விட்டால் என்ன என்று கேட்டாராம். வெட்டினார்கள். நீர் பாய்ந்தது, பயிர் நிமிர்ந்தது. அடுத்த பல ஆண்டுகளில் பள்ளத்தாக்கு முழுவதும் வாய்க்கால் வெட்டப்பட்டு, சுபுத் கோதுமை 1889 பாரிஸ் கண்காட்சியில் பரிசு வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. ஆற்றுப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். மழை ஓயாத நாட்டிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளிக்கு, வயலுக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணமே புதிது. வேல்ஸில் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வயலிலிருந்து தண்ணீரை வடிப்பதுதான்.

இனி உங்கள் கேள்வியின் நடுநாடிக்கு வருகிறேன். படகோனியாவின் பழங்குடிகளான தெவெல்சே மக்கள் ஊர் கட்டி வாழ்ந்தவர்கள் அல்லர். ஒட்டக இனத்தைச் சேர்ந்த குவனாக்கோ மந்தைகளையும் தீக்கோழி போன்ற நந்துப் பறவைகளையும் தொடர்ந்து, பருவத்துக்குப் பருவம் கடற்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் இடையே தோல் கூடாரங்களோடு நகர்ந்தவர்கள். சுபுத் பள்ளத்தாக்கு அவர்களுடைய வழித்தடத்தில் இருந்தது. ஆனால் வேல்ஸ் மக்கள் வந்து எட்டு மாதங்களுக்கு மேல் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. 'ஆளற்ற' என்ற சொல்லுக்கு உயிர் கொடுத்தது இந்த எட்டு மாதங்கள்தான் என்று நினைக்கிறேன். எப்போதும் ஆள் இருக்கும் வீட்டை மட்டுமே வீடு என்று கருதுகிறவருக்கு, திரும்பி வரப்போகிற ஒருவரின் வீடு காலி மனையாகத்தான் தெரியும்.

காலி மனை அல்ல என்று எழுத்திலேயே சொன்னவர் ஒருவரும் உண்டு. 1865 டிசம்பரில், குடியேறிகள் இறங்கிய ஐந்தாவது மாதத்தில், அன்டோனியோ என்ற பழங்குடித் தலைவர் குடியேற்றத்தின் தலைவருக்கு ஸ்பானிய மொழியில் ஒரு கடிதம் எழுதச் செய்தார். சுபுத்துக்கும் நீக்ரோ ஆற்றுக்கும் இடைப்பட்ட சமவெளி எங்களுடையது, அதை நாங்கள் யாருக்கும் விற்றதில்லை, எங்கள் தந்தையர் விற்றது பாஹியா பிளாங்காவையும் படகோனெஸையும் மட்டுமே என்று அதில் சொல்கிறார். மிரட்டல் ஏதும் இல்லை. அரசிடம் பேசி உரிய விலையை வாங்கித் தாருங்கள், நாம் நண்பர்களாக இருப்போம் என்பதுதான் சாரம். இதைவிடத் தெளிவாக ஒருவர் தம் பாத்தியதையைச் சொல்ல முடியாது. இக்கடிதம் பதிவில் இருக்கிறது. இதைப் படித்த பிறகும் என் கட்டுரையில் 'ஆளற்ற' என்று எழுதினேன் என்பதில்தான் எனக்கு வெட்கம்.

பிறகு நேரில் சந்திப்பு நேர்ந்தது. 1866 ஏப்ரல் வாக்கில் பிரான்சிஸ்கோ என்ற தலைவர் தம் குடும்பத்தோடு வந்து கூடாரம் அடித்தார். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. நடந்தது வேறு. காட்டுக் குதிரையைப் பழக்குவது, கல் கட்டிய கயிற்றை வீசி நந்துவைச் சாய்ப்பது, திசை தவறாமல் வெளியில் பயணம் செய்வது ஆகியவற்றைத் தெவெல்சேக்கள் கற்றுக் கொடுத்தார்கள். அந்த இறைச்சி இல்லையென்றால் குடியேற்றம் இரண்டாவது ஆண்டைத் தாண்டியிருக்காது. பதிலுக்கு அவர்கள் தோலும் இறகும் கொண்டுவந்து ரொட்டி வாங்கினார்கள். வேல்ஸ் மொழியில் ரொட்டிக்கு 'பாரா' என்று பெயர். கொஞ்சம் என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லை முன்னே சேர்த்து, 'போக்கோ பாரா' என்று அவர்கள் வாசலில் வந்து கேட்பது வழக்கமாயிற்று. பிள்ளைகள் கலந்து விளையாடி வளர்ந்தார்கள். ஐரோப்பியக் குடியேற்றங்களின் வரலாற்றில் இந்த அளவு ரத்தம் சிந்தாத அண்டை வாழ்க்கை அரிது. அதை மறைக்க வேண்டிய தேவையில்லை.

ஆனால் அந்த நட்பால் தெவெல்சேக்களுக்கு என்ன கிடைத்தது? 1878 முதல் 1885 வரை அர்ஜென்டினத் தளபதி ரோக்கா பழங்குடியினருக்கு எதிராகத் தொடங்கிவைத்த 'பாலைவனப் போர்' படகோனியாவைத் துடைத்தெடுத்தது. பாலைவனம் என்பது 'ஆளற்ற' என்பதன் ராணுவ வடிவம். பிடிபட்டவர்களை முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள், குடும்பங்களைப் பிரித்துப் புவனோஸ் ஐரிஸில் வேலைக்காரர்களாகப் பங்கிட்டார்கள். வேல்ஸ் மக்கள் 1883-இல் தளபதி வின்டருக்கு ஒரு மனு எழுதி, தங்களுக்குத் தெரிந்த பழங்குடியினரிடம் கருணை காட்டுமாறு கேட்டுக்கொண்டார்கள். மனு மனுவாகவே இருந்தது.

ஜான் டேனியல் எவன்ஸ் மூன்று வயதில் மிமோசாவில் வந்து இறங்கியவர். தம் நினைவுக் குறிப்பில் அவர் விவரிக்கும் ஒரு காட்சியை நான் எப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது. வால்செத்தா என்ற இடத்திலிருந்த முகாமைக் கடந்து போகும்போது, வேலிக்கு உள்ளிருந்து ஒருவன் 'போக்கோ பாரா' என்று கூப்பிடுகிறான். திரும்பிப் பார்த்தால், சிறுவயதில் கூட விளையாடிய தெவெல்சே நண்பன். எலும்பும் தோலுமாக நிற்கிறான். எவன்ஸ் அவனை விடுவிக்க முயல்கிறார். பிறகு பணத்தோடு திரும்பி வரும்போது அவன் இறந்துவிட்டிருக்கிறான். இதே எவன்ஸ், 1884-இல் ராணுவத்திடமிருந்து தப்பி வந்த பழங்குடி வீரர்கள் தாக்கியபோது மூன்று தோழர்களைப் பறிகொடுத்து, மலாக்காரா என்ற தம் குதிரை பள்ளமொன்றைத் தாண்டியதால் உயிர் பிழைத்தவர். துரத்தியவர்கள் இவர்களை ராணுவத்தின் உளவாளிகள் என்று எண்ணியிருக்கக்கூடும். குதிரைக்கு ட்ரெவெலின் ஊரில் கல்லறை இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்கிறார்கள். வால்செத்தாவில் இறந்த நண்பனின் பெயர்கூட நம்மிடம் இல்லை.

எவன்ஸ் அடுத்து என்ன செய்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1885-இல் ஆளுநர் ஃபொன்டானா நடத்திய பயணத்துக்கு அவரே வழிகாட்டி. பெரும்பாலும் வேல்ஸ்காரர்களான குதிரைப்படையொன்று, துடைத்தெடுக்கப்பட்ட நிலத்தின் குறுக்கே ஆண்டீஸ் அடிவாரம்வரை போய், அவர்கள் மொழியில் 'அழகிய பள்ளத்தாக்கு' என்று பெயரிட்டு ஓர் இடத்தைக் கண்டடைந்தது. குடியிருப்பும் எழுந்தது. யாரையும் அவர்கள் கொல்லவில்லை. கொன்று முடித்த பிறகு கிடைத்த நிலத்தை ஏற்றுக்கொண்டார்கள். என் தீர்ப்பு இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். இதற்கு மேலும் இதற்குக் கீழும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த அரசு இவர்களையும் விட்டுவைக்கவில்லை என்பது கதையின் மறுபக்கம். தொடக்கத்தில் 18 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களித்துத் தங்கள் சபையைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் நாடு என்று பேர்பெற்ற நியூசிலாந்து அதைச் செய்தது 1893-இல்தான். பள்ளி, நீதிமன்றம், பத்திரிகை எல்லாம் வேல்ஸ் மொழியில் நடந்தன. ரிச்சர்ட் ஜோன்ஸ் பெர்வின் என்ற ஆசிரியர் 1878-இல் அங்கிருந்த பிள்ளைகளுக்கென்றே பாடநூல் எழுதினார். 1884-இல் சுபுத் தேசியப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டு ஆளுநர் வந்ததும் தன்னாட்சி முடிந்தது. பள்ளிகளில் ஸ்பானியம் நுழைந்தது. இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ராணுவப் பயிற்சிக்கு வர வேண்டும் என்ற ஆணை, ஓய்வுநாளை உயிராக மதித்த சபைக்காரர்களைக் கொதிக்கச் செய்தது. 1899 வெள்ளம் பள்ளத்தாக்கையே அடித்துக்கொண்டு போனது. 1902-இல் இருநூறுக்கு மேற்பட்டோர் மூட்டை கட்டிக்கொண்டு கனடாவின் சஸ்காச்செவனுக்குப் போனார்கள். அதே 1902-இன் ஏப்ரல் 30 அன்று, ஆண்டீஸ் எல்லைத் தகராறை விசாரிக்க வந்த பிரிட்டிஷ் நடுவர் ஹோல்டிச்சின் முன்னிலையில், மலையடிவாரத்து வேல்ஸ் குடியேறிகள் சிலி வேண்டாம், அர்ஜென்டினாவே போதும் என்றார்கள். ராசனின் எல்லைக் கற்கள் நாற்பது ஆண்டுகள் கழித்துத் தங்கள் வேலையைச் செய்துவிட்டன.

என்ன பெயரிட்டு அழைப்பது என்று கேட்டீர்கள். 'புலம்பெயர்ந்தோர்' என்ற சொல்லில் இழந்த மண்ணின் வலி மட்டும் இருக்கிறது, மிதித்த மண் இல்லை. 'வந்தேறி' என்பது வரலாற்றுச் சொல் அல்ல, வசைச்சொல். நம் ஊர் அரசியல் மேடைகளில் அது யார் யார் மீது வீசப்படுகிறது என்பதை நீங்களும் அறிவீர்கள். நான் 'குடியேறிகள்' என்றே எழுதுகிறேன். ஏறியது எந்தக் குடியில் என்ற கேள்வியை அந்தச் சொல் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கிறது.

மொழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. சில ஆயிரம் பேர் பேசுகிறார்கள். ட்ரெலெவ் என்பது லூயிஸின் ஊர், ட்ரெவெலின் என்பது ஆலை ஊர். (வேல்ஸ் பெயர்களை நான் தமிழில் எழுதும் விதம் உத்தேசமானது. வேல்ஸ் மொழியில் இரட்டை லகரத்துக்கு உரிய ஒலியை எழுத நம்மிடம் எழுத்தில்லை. நம் ழகரத்துக்கு அவர்களிடம் இல்லாதது போலத்தான்.) இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வீட்டுக்குள்ளும் சிற்றாலயங்களுக்குள்ளும் ஒடுங்கிவிட்ட மொழி, 1965 நூற்றாண்டு விழாவுக்குப் பிறகு மெல்ல வெளியே வந்தது. 1997 முதல் வேல்ஸிலிருந்து ஆண்டுதோறும் ஆசிரியர்கள் அனுப்பப்படுகிறார்கள். ட்ரெலெவ், கைமான், ட்ரெவெலின் ஆகிய மூன்று ஊர்களிலும் வேல்ஸும் ஸ்பானியமும் கற்பிக்கும் பள்ளிகள் நடக்கின்றன. கவிதைக்கும் பாட்டுக்கும் பரிசளிக்கும் ஐஸ்டெத்வோட் விழா நடக்கிறது. தெவெல்சே மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதராக அறியப்பட்ட டோரா மன்சாடோ 2019-இல் மறைந்தார்.

என் கட்டுரையில் அந்த வரியை மாற்றிவிட்டேன். 'தென் அமெரிக்காவின் ஆளற்ற கரையொன்றில்' என்றிருந்தது இப்போது 'தெவெல்சேக்களின் கரையில்' என்றிருக்கும்.

அன்புடன்.